எஞ்சினின் காய்ச்சல்

மனித உடலின் வெப்பம் ஓர் அளவுக்கு உட்பட்டு நிற்கும் வரையில் உடல் நலமுற இயங்குகின்றது. அவ்வளவைக் கடந்து சிறிதே ஏறினும் காய்ச்சல் கண்டது என்பர். ஆயினும் காய்ச்சல் பெரும்பாலும் தானே ஒரு நோயன்று. உள்ளே நோய் ஒன்று உண்டு என்று உணர்த்தும் அறிகுறியே அஃது. மோட்டார் வண்டியின் எஞ்சினுக்கும் இவ்வுண்மை பொருந்தும். ஓட்டுநரின் கண்முன் உள்ள வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டை நோக்கி ஏறுமாயின், எஞ்சினுக்குக் காய்ச்சல் கண்டது என்க. அதன் காரணத்தை வீட்டிலேயே கண்டறிவது எங்ஙனம், எவற்றை வீட்டிலேயே சீர்செய்யலாம், எவற்றைத் தொழில் வல்லாரிடம் விடுத்தல் வேண்டும் என்பவை மாணவர் அறியத்தக்கன.

எஞ்சினின் உருளைகளுக்குள் பெட்ரோல் எரியும்போது தோன்றும் வாயுக்களின் வெப்பம், செல்சியசு அளவையில் 2,000 பாகைக்கும் மேற்செல்வதுண்டு. எஞ்சினின் உறுப்புகளுள் பல அலுமினியத்தால் ஆனவை. அலுமினியமோ 660 பாகையிலேயே உருகிவிடும். எரிபொருள் தரும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே வண்டியை ஓட்டும் வேலையாக மாறுகின்றது. ஏறத்தாழ மற்றொரு பங்கு புகையுடன் வெளியேறுகின்றது. எஞ்சிய பங்கு எஞ்சினின் உலோகத்தைச் சூடேற்றுகின்றது. அவ்வெப்பத்தை இடைவிடாது அகற்றாவிடில் உறுப்புகள் விரிந்து, ஒன்றோடொன்று உராய்ந்து, இறுதியில் இறுகி நின்றுவிடும்.

வெப்பத்தை அகற்றும் பணியைச் செய்வது நீர். உருளைகளைச் சுற்றிலும் உலோகத்துக்குள்ளேயே நீர் ஓடுவதற்கான வழிகள் அமைந்துள்ளன. அவற்றில் ஓடிச் சூடேறிய நீர், ரப்பர்க் குழாய் வழியே வண்டியின் முன்புறத்தில் உள்ள ரேடியேட்டரை அடைகின்றது. ரேடியேட்டர் என்பது மெல்லிய குழல்களும், அவற்றிடையே நெருங்கிய உலோகத் தகடுகளும் கொண்ட ஓர் அமைப்பு. எதிரே வரும் காற்றும், விசிறி ஈர்க்கும் காற்றும் அத்தகடுகளின் ஊடே புகுந்து நீரின் வெப்பத்தைக் கவர்ந்து செல்கின்றன. குளிர்ந்த நீர் மற்றொரு குழாய் வழியே எஞ்சினுக்குத் திரும்புகின்றது. இச்சுழற்சியை இடையறாது நடத்துவது வாட்டர் பம்பு.

இச்சுழற்சிக்கு ஒரு வாயில் காவலனும் உண்டு. அதற்குத் தெர்மோஸ்டாட் என்று பெயர். அதனுள் மெழுகு அடைத்த சிறு குப்பி ஒன்று இருக்கின்றது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தெர்மோஸ்டாட்டின் கதவம் மூடியிருக்கும். நீர் ரேடியேட்டருக்குச் செல்லாது. எஞ்சின் விரைவில் சூடேறி, தான் செவ்வனே இயங்குதற்குரிய வெப்பநிலையை அடைதற்பொருட்டே இவ்வேற்பாடு. வண்டிக்கு ஏற்ப 82 முதல் 90 பாகை வரையிலான ஒரு வெப்பநிலையில் மெழுகு உருகி விரிந்து கதவத்தைத் திறக்கின்றது. அதன்பின் நீர் ரேடியேட்டரை நோக்கிப் பாய்கின்றது.

ரேடியேட்டரின் மூடியும் எளிய பொருளன்று. சமையலறையில் குக்கரின் மூடி நீராவியை அடக்கி வைப்பதனால் உள்ளே நீர் 100 பாகைக்கு மேலும் கொதியாது நிற்பதை மாணவர் அறிவர். ரேடியேட்டரின் மூடி செய்வதும் அதுவே. அதில் உள்ள வில்லும் ரப்பர் வளையமும், காற்றுமண்டல அழுத்தத்துக்கு மேல் ஏறத்தாழ மற்றோர் அத்துணை அழுத்தத்தை உள்ளே நிறுத்துகின்றன. ஆதலின் உள்ளிருக்கும் நீர் 120 பாகையை ஒட்டியே கொதிக்கும். மலைநாட்டில் இம்மூடியின் அருமை மேலும் விளங்கும். கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகமண்டலத்தில் திறந்த கலத்தில் வைத்த நீர் 93 பாகையை அணுகும்போதே கொதித்துவிடும். மூடி பழுதுபட்டால் எஞ்சினின் நீருக்கும் அந்நிலையே நேரும்.

இவ்வமைப்புகள் ஒரே நாளில் தோன்றியன அல்ல. ஜெர்மனி நாட்டில் 1888ஆம் ஆண்டு ஆகஸ்ட் திங்களில் பெர்த்தா பென்ஸ் என்னும் பெண்மணி, தம் கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கிய மோட்டார் வண்டியில் தம் மைந்தர் இருவருடன் மான்ஹைம் நகரிலிருந்து போர்ட்ஸ்ஹைம் நகருக்குச் சென்றார். அவ்வண்டியில் நீர் ஆவியாகி வெளியேறுவதனாலேயே எஞ்சின் குளிர்ந்தது. ஆகவே 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அவ்வழியில் அவர்கள் பலமுறை நின்று நீர் நிரப்ப வேண்டியதாயிற்று. பின்னர் வில்ஹெல்ம் மைபாக் என்னும் பொறியியல் அறிஞர், 1900ஆம் ஆண்டில் உருவான மெர்சிடிஸ் வண்டிக்குத் தேன்கூட்டை ஒத்த ரேடியேட்டரை அமைத்தார். அதில் 8,070 சிறு குழல்கள் இருந்தன. அதே நீரைக் குளிரவைத்து மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் முறை அதனால் உறுதிபெற்றது. இன்றைய வண்டியில் நீர் அடிக்கடி குறைதல் இயல்பன்று என்பதை இதனால் உணரலாம். நீர் குறைந்தால் அதற்கு ஒரு காரணம் உண்டு.

வழியில் செல்லும்போதே முள் ஏறுமாயின் செய்யத்தக்கவை சில. முதற்கண் ஏ.சி.யை நிறுத்துதல் வேண்டும். வண்டியில் வெப்பமூட்டும் அமைப்பு இருப்பின் அதனை முழுமையும் திறந்துவிடுதல் நன்று. எஞ்சினின் வெப்பத்தில் ஒரு பகுதி அதன் வழியே நீங்கும். முள் இறங்காவிடினும், ஆவி எழுந்தாலும், வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். 'இன்னும் நான்கு கல் தொலைவுதானே' என்று எண்ணி ஓட்டுதல் பெரும்பிழை. அதிக வெப்பத்தால் உருளைகளின் மேல்மூடி வளைந்துவிடும். இடையே உள்ள கேஸ்கட் என்னும் மெல்லிய தகடு எரிந்து பிளந்துவிடும். சிறு செலவில் தீர வேண்டிய குறை, எஞ்சினையே பிரிக்க வேண்டிய பெருஞ்செலவாக முடியும்.

சூடாக உள்ள ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறத்தல் ஆகாது. அழுத்தத்தால் அடங்கியிருந்த நீர், மூடி தளர்ந்த அந்நொடியே கொதித்துப் பீறிட்டு முகத்தையும் கைகளையும் வேகவைத்துவிடும். துணியைச் சுற்றித் திறந்தாலும் அத்தீங்கு நீங்காது. மேற்குழாயை அச்சமின்றிக் கையால் பற்றக்கூடிய அளவுக்கு எஞ்சின் ஆறும் வரையில் காத்திருத்தல் வேண்டும். அதற்கு ஒரு மணி நேரமும் ஆகலாம். சூடேறிய எஞ்சினில் தண்ணீரைத் திடீரென ஊற்றுதலும் தீது; உலோகம் விரிசல் விட்டுவிடும்.

இனி, காரணத்தைக் கண்டறியும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். மேட்டுப்பாளையத்தில் வாடகை மோட்டார் ஓட்டிப் பிழைக்கும் ஒருவரை எண்ணிக்கொள்க. அவருக்கு மேல்நிலைப் பள்ளியில் பயிலும் மகள் ஒருத்தி உண்டு. சில திங்களாக அவருடைய வண்டி, கல்லாற்றைக் கடந்து மலையேறத் தொடங்கியதும் கொதிக்கின்றது. ஒவ்வொரு முறையும் அவர் வழியில் வண்டியை நிறுத்தி, ஆறவிட்டு, நீர் ஊற்றிக்கொண்டு செல்கின்றார். வண்டியில் வருவோர் முகம் சுளிக்கின்றனர். சிலர் வேறு வண்டியை நாடுகின்றனர். குடும்பத்தின் வருவாயே ஆட்டங்காணும் நிலை.

அண்டை வீட்டார் ஒருவர், "அந்தத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று யோசனை கூறினார். நம் நாட்டில் பலரும் கூறும் யோசனை அஃது. தந்தையும் அதற்கு உடன்பட்டுக் கருவிகளை எடுத்தார்.

"அப்பா, அதுதான் குற்றவாளி என்று தெரியுமா?" என்று மகள் கேட்டாள்.

"தெரியாது கண்ணு. எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்றார் தந்தை.

"அப்படியானால் முதலில் விசாரிப்போம், அப்பா" என்றாள் மகள்.

மகள் கூறியது பெரியதோர் உண்மை. ஆராயாது வழங்கிய தீர்ப்பினால் பாண்டியன் நெடுஞ்செழியன் செங்கோலையும் உயிரையும் ஒருங்கே இழந்த வரலாற்றைச் சிலப்பதிகாரம் கூறும். குற்றமற்ற உறுப்பைக் கழற்றி எறிவதால் உண்மைக் குறை நீங்காது; புதியதொரு குறையும் சேரும். தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் உரிய வெப்பநிலையை அடைய நெடுநேரம் ஆகும், எரிபொருள் வீணாகும், உறுப்புகளும் விரைவில் தேயும்.

தந்தையும் மகளும் முதலில் ஆராய்ந்தது, வண்டி எப்பொழுது சூடேறுகின்றது என்பதனை. ஏனெனில் காலமும் இடமுமே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். நெரிசலில் நிற்கும்போது சூடேறி, ஓடும்போது ஆறுமாயின் விசிறியை ஐயுறல் வேண்டும். ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்று கிடைக்கும், நிற்கும் வண்டிக்கு விசிறியே துணை. புறப்பட்ட சில நிமிடங்களிலேயே சூடேறுமாயின், நீர் மிகக் குறைந்திருத்தல் வேண்டும். அன்றித் தெர்மோஸ்டாட் திறவாது மூடிக்கொண்டிருத்தல் வேண்டும். மேட்டில் ஏறும்போதோ மிகு விரைவில் ஓடும்போதோ மட்டும் சூடேறுமாயின், ரேடியேட்டர் அடைபட்டிருத்தலோ நீரோட்டம் குன்றியிருத்தலோ காரணமாகலாம். இவர்தம் வண்டி நகரத்து நெரிசலில் நலமாகவே நின்றது. கோவைக்குச் சென்று மீளும் சமவெளிப் பாதையிலும் முள் அசையவில்லை. மலையேற்றத்தில் மட்டுமே காய்ச்சல் கண்டது. ஆகவே ஐயம் ரேடியேட்டரின் பக்கம் சாய்ந்தது.

எனினும் குற்றம் சாட்டப்பெற்ற தெர்மோஸ்டாட்டையும் அவர்கள் சோதித்தனர். எஞ்சின் நன்கு ஆறிய பின், நீரை ஒரு வாளியில் வடித்து, தெர்மோஸ்டாட்டை வெளியே எடுத்தனர். சமையலுக்கு இனி வேண்டாத பழைய பாத்திரம் ஒன்றில் நீர் ஊற்றி அடுப்பில் ஏற்றினர். தெர்மோஸ்டாட்டின் கதவிடுக்கில் ஒரு நூலைச் செருகி, அந்நூலாலேயே அதனை நீருள் தொங்கவிட்டனர். பாத்திரத்தின் அடியைத் தொடாதபடி ஒரு வெப்பமானியும் தொங்கிற்று. அதன் உடலில் பொறித்திருந்த எண் 82. வெப்பமானி 82 பாகையைக் கடக்கும் அளவில் கதவம் திறந்தது; நூல் நழுவியது; தெர்மோஸ்டாட் பாத்திரத்துக்குள் விழுந்தது. அது குற்றமற்றது என்பது தெளிவாயிற்று.

அடுத்து, நீர் எவ்வழியே குறைகின்றது என்று நோக்கினர். இரவில் வண்டியின் அடியில் பரப்பி வைத்த பழைய அட்டையில் காலையில் ஒரு துளியும் இல்லை. குழாய்களில் வெடிப்பு இல்லை. அவற்றை இறுக்கும் வளையங்களும் உறுதியாகவே இருந்தன. வாட்டர் பம்பின் அடியில் உள்ள சிறு துளையிலும் கசிவு இல்லை. ரேடியேட்டரின் கழுத்தைச் சுற்றி மட்டும் உலர்ந்த வெண்ணிறப் படிவு காணப்பட்டது. மூடியைத் திருப்பிப் பார்த்தபோது அதன் ரப்பர் வளையம் இறுகி, வெடித்து, தன் பணியை மறந்து கிடந்தது.

பிறகு மூடிவைத்து, எஞ்சினைச் சிறிது ஓடவிட்டு, நீர் ரேடியேட்டருக்குள் பாயும் அளவுக்குச் சூடானதும் நிறுத்தினர். மின்விசிறி தானே சுழலக்கூடும் ஆதலால் சாவியை எடுத்துவிட்டுப் பாட்டரியின் இணைப்பையும் நீக்கினர். தந்தை புறங்கையை ரேடியேட்டரின் முகப்பருகே மெல்ல நகர்த்திப் பார்த்தார். மேலிருந்து கீழே வெப்பம் படிப்படியாகக் குறைதல் இயல்பு. ஆனால் ஒரு மூலை மட்டும் திடீரெனக் குளிர்ந்திருந்தது. அங்குள்ள குழல்களில் நீர் ஓடவில்லை என்பதற்கு அதுவே சான்று.

"குழல் ஏன் அடைபட்டது, அப்பா? இதுவரை என்ன நீர் ஊற்றினீர்கள்?" என்று மகள் வினவினாள்.

"ஆழ்துளைக் கிணற்று நீர்தான் கண்ணு."

மகள் ஒன்றும் கூறாமல் சமையலறைக்குச் சென்று, நாள்தோறும் வெந்நீர் காய்ச்சும் பாத்திரத்தைக் கொண்டுவந்து காட்டினாள். அதன் உட்புறமெங்கும் வெள்ளைப் படலம் படிந்திருந்தது. கடின நீரில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புகள் நீர் சூடேறும்போது இவ்வாறு படிகின்றன. பாத்திரத்தில் படிந்தது ரேடியேட்டரின் மெல்லிய குழல்களிலும் படியாதிருக்குமா?

காரணங்களின் சங்கிலி இப்போது முழுமையாகக் கண்ணுக்குப் புலனாயிற்று. மூடியின் ரப்பர் வளையம் கெட்டது. அதனால் அழுத்தம் நில்லாது நீர் விரைவில் கொதித்து வெளியேறியது. குறைந்த நீருக்கு ஈடாகக் கிணற்று நீர் ஊற்றப்பட்டது. அதன் உப்புக் குழல்களை அடைத்தது. அடைபட்டதால் எஞ்சின் மேலும் சூடேறியது. இத்துணைக்கும் முதல், உள்ளங்கை அளவுள்ள ஒரு மூடியே.

அதன்பின் சீர்செய்தல் எளிதாயிற்று. குழாய்களைக் கழற்றி, ரேடியேட்டரின் கீழ்வாயிலிருந்து மேல்வாய் நோக்கி, நீர் இயல்பாகச் செல்லும் திசைக்கு மாறாக, மென்மையான அழுத்தத்தில் நீரைச் செலுத்தினர். செந்நிறச் சேறும் வெண்ணிறச் செதில்களும் வெளிவந்தன. நீர் தெளியும் வரையில் அவ்வாறே செய்தனர். தகடுகளிடையே சிக்கியிருந்த பூச்சிகளையும் தூசியையும் உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக நீர் தெளித்து அகற்றினர். பழைய மூடியில் குறித்திருந்த அதே அழுத்த அளவுள்ள புதிய மூடியை வாங்கினர். தெர்மோஸ்டாட் தன் பழைய இடத்தில் புதிய ரப்பர் வளையத்துடன் அமர்ந்தது.

நிரப்பும் நீரிலும் கருத்து வேண்டும். வண்டியின் கையேடு குறிப்பிடும் வகைக் கூலண்டையும் காய்ச்சி வடித்த நீரையும் அக்கையேடு கூறும் அளவில் கலத்தல் வேண்டும். சரிபாதியாகக் கலத்தல் பெருவழக்கு. கூலண்ட் கொதிநிலையை உயர்த்துவதுடன் உலோகம் அரிக்கப்படாமலும் காக்கின்றது. நிறம் ஒத்திருப்பது கொண்டு வகை ஒன்றென்று கருதுதல் தவறு. நீரை மெல்ல ஊற்றி, குளிர்ந்த எஞ்சினை மூடியின்றி ஓடவிட்டால், உள்ளே அடைபட்ட காற்று குமிழிகளாக வெளியேறும். தெர்மோஸ்டாட் திறந்ததும் நீர்மட்டம் தாழும். அப்போது மேலும் ஊற்றி நிரப்பி மூடுதல் வேண்டும். சில வண்டிகளில் காற்றை வெளியேற்றுதற்கெனத் தனித் திருகாணி உண்டு; அதன் முறையைக் கையேட்டில் காணலாம்.

வடித்தெடுத்த பழைய கூலண்டைச் சாக்கடையிலோ தெருவிலோ ஊற்றலாகாது. பெரும்பாலான கூலண்டுகளில் உள்ள எத்திலீன் கிளைக்கால் என்னும் பொருள் இனிப்புச் சுவை உடையது. கொடிய நஞ்சும் ஆகும். நாயும் பூனையும் அதனை நக்கி உயிர்விடும். சிறுவர் அறியாது பருகினும் அவ்விடரே. ஆகையால் அதனைக் குடிநீர்ப் புட்டியில் வைக்காது, பெயர் எழுதிய வேறு கலத்தில் மூடிவைத்துப் பணிமனையில் ஒப்படைத்தல் கடன்.

வீட்டு வைத்தியத்துக்கு எல்லை உண்டு. எஞ்சின் எண்ணெய் பால் கலந்தாற்போல் வெளிறியிருத்தல், புகைக்குழாயில் வெண்புகை ஓயாது எழுதல், காற்றை வெளியேற்றிய பின்னும் ரேடியேட்டரில் குமிழிகள் தொடர்ந்து தோன்றுதல் ஆகியவை கேஸ்கட் பழுதுபட்டமைக்கு அறிகுறிகள். அந்நிலையில் வண்டியை மேலும் ஓட்டாது தொழில் வல்லாரை அழைத்தலே அறிவுடைமை. தன் அறிவின் எல்லையை அறிதலும் அறிவின் ஒரு கூறேயாகும்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவன் செல்லவேண்டிய நெறியைப் படிப்படியாக வகுத்துள்ளார். நோய் இன்னதென்று தெளிதல் முதற்படி. அது வந்த காரணத்தை ஆராய்தல் இரண்டாம் படி. அதனைத் தணிக்கும் வழியைத் தேர்தல் மூன்றாம் படி. பின்னரே பிழையாது செயலிற் புகுதல். உடலுக்கு அவர் வகுத்த நெறி உலோகத்துக்கும் ஒத்துவருகின்றது. கருவி எதுவாயினும், அது தரும் துன்பம் எத்தகையதாயினும், கையில் திருகுக்கோலை எடுக்குமுன் காரணத்தைத் தேடுபவன் பொருளையும் காலத்தையும் காத்துக்கொள்வான். பிறர் சொல்லைக் கேட்டுக் கண்டதைக் கழற்றுபவன் இரண்டையும் இழப்பான். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருந்தால் அத்தந்தையின் வண்டி அடுத்த மலையேற்றத்திலும் கொதித்தே இருக்கும். ஆராய்ந்து செய்தமையால் அது வழியில் நில்லாது குன்னூரைக் கடந்தது.